கருமத்தம்பட்டியில் ஒரு மேற்றிராணியார்

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. செபமாலை மாதா திருநாள். போத்தனூருக்கு ரயில் வர இன்னும் பதினாறு வருஷம் இருந்தது. கோயமுத்தூர் நகராட்சியாக இருபது வருஷம். அன்றைக்குப் புதுச்சேரி மேற்றிராணியார் (ஆயர்) போனான் என்பவர் அத்தனை தூரம் பயணம் செய்து வந்து, கருமத்தம்பட்டி மாதா கோயிலில் 32 வயதுப் பிரெஞ்சுக் குரு ஒருவரை மேற்றிராணியாராக அபிஷேகம் செய்தார். அந்தக் குருவின் பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். கோவை, நீலகிரி, பாலக்காட்டுப் பக்கம் என்று பரந்து கிடந்த ஒரு புதிய மறைப்பகுதியின் முதல் தலைவர் அவர்.

இவ்வளவு பெரிய சடங்கு கோயமுத்தூர் நகரத்தில் நடக்காமல் ஒரு கிராமத்தில் ஏன் நடந்தது? கொங்குக் கத்தோலிக்கர்களுக்கு அன்று தலைநகரம் என்று ஒன்று இருந்ததென்றால் அது கருமத்தம்பட்டிதான். கோயமுத்தூர் பெரிய கடைவீதியில் இன்று நிற்கும் புனித மைக்கேல் பேராலயத்துக்கு அப்போது அஸ்திவாரம்கூடப் போடவில்லை. அந்த வேலை 1850-இல் தொடங்கி 1867-இல்தான் முடிந்தது.

இன்று அவிநாசி ரோட்டில் போகிறவர்களுக்குக் கருமத்தம்பட்டி ஒரு பெயர்ப் பலகை. கோவையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஒரு பக்கம் அன்னூருக்குப் பிரியும் சாலை, இன்னொரு பக்கம் சோமனூர். 2021-இல் பேரூராட்சி நகராட்சியானது. ஊருக்குள் நுழைந்தால் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம். சோமனூர் வட்டாரத்துக் காடாத் துணி நாடு முழுக்கப் போகிறது. தறிக்காரர்கள் பெரும்பாலும் கூலிக்கு நெய்கிறவர்கள். நூல் கொடுப்பவர் ஒருவர், நெய்து கொடுப்பவர் இன்னொருவர், நடுவில் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை ஒரு தொடர்கதை. இந்த ஊரில் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட பூர்வீகம் கொண்ட ஒரு கோயில் இருக்கிறது என்பதையும், ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் வேலை செய்யும் ஒரு துறவுச் சபையின் கதை இங்கே ஒரு கிளை விட்டிருக்கிறது என்பதையும் பைபாஸில் பறக்கும் பஸ்ஸிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது.

பொதுவாகத் தேவாலயங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்தச் சாமியார் எந்த வருஷம் கட்டினார், கோபுரம் எத்தனை அடி, மணி எங்கிருந்து வந்தது என்று அடுக்குவார்கள். கருமத்தம்பட்டிக்கு அந்த வகை எழுத்து போதாது. இந்தக் கோயிலின் உண்மையான கதை, அதை யார் நடத்துவது என்ற கேள்வியில் இருக்கிறது. பிரெசிலாக்கும் அந்தக் கேள்வியில்தான் போய் முட்டிக்கொண்டார்.

சாமியார் இல்லாத கோயில்

கொங்கு நாட்டுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர்கள் மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபையினர். தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் தெ நொபிலி 1623-இல் மதுரையை விட்டு வடக்கே கிளம்பி சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். பின்னால் வந்தவர்கள் சத்தியமங்கலம் வரை போனார்கள். 1640 வாக்கில் பல்தசார் தா கோஸ்தா பண்டாரச் சாமி வேடம் பூண்டார். பிராமண சந்நியாசி வேடத்தில் எல்லாச் சாதியாரோடும் பழக முடியவில்லை. பண்டாரம் என்றால் எந்தத் திண்ணையிலும் உட்காரலாம். கருமத்தம்பட்டிப் பங்கு தன் வயதை எண்ணத் தொடங்குவதும் அதே 1640-ஐ ஒட்டித்தான். அன்று எழும்பியது மண்சுவரும் ஓலைக்கூரையுமாகத்தான் இருந்திருக்கும். அந்தக் காலத்து மிஷன் கோயில்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

அதற்கப்புறம் நூற்றைம்பது வருஷம் கொங்கு நாடு யார் கையில் இருந்தது என்று கேட்டால் நேரத்தைப் பொறுத்து பதில் மாறும். மதுரை நாயக்கர், பிறகு மைசூர் உடையார், பிறகு ஹைதர், திப்பு. 1783-இல் கோவையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1784-இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். 1790-இல் மறுபடி பிடித்தார்கள். 1791-இல் திப்புவின் படை நீண்ட முற்றுகைக்குப் பின் மீட்டது. 1799-இல்தான் ஒரு முடிவு வந்தது. படைகள் போகவும் வரவும் இருந்த பாதையில் எந்த ஊர் முழுசாக இருந்திருக்கும்? இந்த ஓட்டத்தில் கோயிலும் இடிபட்டுத் திரும்ப எழுந்தது என்பது ஊர் வழக்கு.

படையெடுப்பைவிடப் பெரிய அடி ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1773-இல் போப் இயேசு சபையையே கலைத்துவிட்டார். 1776-இல் பாரிஸ் வேதபோதக சபையினர் பொறுப்பேற்றார்கள். சில வருஷங்களிலேயே பிரான்சில் புரட்சி வெடித்தது. பாரிஸில் இருந்த அவர்களது குருமடம் மூடப்பட்டது. புதிய ஆட்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. தென்னிந்தியாவின் உள்நாட்டுக் கிராமங்களில் ஒரு சாமியார் வருஷத்துக்கு ஒருமுறை தலைகாட்டினாலே பெரிசு என்ற நிலை.

அந்த வருஷங்களில் கோயிலை நடத்தியது யார்? உபதேசியார்தான். குழந்தை பிறந்தால் தண்ணீர் ஊற்றுவது, சாகக் கிடப்பவர் தலைமாட்டில் ஜெபம் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை சனங்களைக் கூட்டி வைத்து மந்திரங்களை ஒப்பிப்பது, இரண்டு பங்காளிகளின் கிணற்றுத் தகராறைப் பேசித் தீர்ப்பது எல்லாம் அவர் வேலை. கோயில் பிள்ளை மணி அடித்தார், விளக்கேற்றினார். நாட்டாமையும் பெரிய வீட்டுக்காரர்களும் திருவிழாச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். பூசை மட்டும்தான் இல்லை. அதற்குப் பட்டம் பெற்ற குரு வேண்டும். பட்டமோ உள்ளூர்க்காரர்களுக்கு லேசில் கிடைப்பதில்லை. ஒரு கோயிலைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்குப் பூசை வைக்கத் தெரியாது என்று சொன்னது யார்? இந்தக் கேள்வியை 1840-களில் ஒரு இளம் பிரெஞ்சுக்காரர் கேட்டார் என்பதுதான் வியப்பு.

பன்னிரண்டு வருஷம்

பிரெசிலாக் 1813-இல் தெற்குப் பிரான்சின் கஸ்தெல்நோதாரி என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊர்ப் பெரிய கோயிலும் மைக்கேல் சம்மனசின் பெயரில்தான். குருவானதும் முதலில் அங்கேயே உதவிக் குருவாக இருந்தார். கோவைப் பேராலயத்துக்கு மைக்கேல் பெயர் வந்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போட ஆசையாக இருக்கிறது. ஆனால் ஆசை ஆதாரம் ஆகாது.

1842 ஜூலையில் புதுச்சேரியில் இறங்கினார். கொஞ்ச காலம் சேலத்தில் வேலை. 1844 ஜனவரி, பிப்ரவரியில் போனான் கூட்டிய புதுச்சேரி மாமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் இவர் மிக இளையவர்களுள் ஒருவர். உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும், அதற்குக் குருமடத்தை ஒழுங்காக நடத்த வேண்டும் என்பது அந்த மன்றத்தின் முக்கியமான முடிவு. உடனே குருமடத்தின் பொறுப்பை பிரெசிலாக்கிடமே ஒப்படைத்தார்கள். மன்றத்தின் தீர்மானங்கள் ரோமுக்குப் போய் அங்கேயும் அசைவை உண்டாக்கின. 1845 நவம்பரில் ரோம் ஒரு ஆணையை வெளியிட்டது: மிஷன் நாடுகளில் உள்ளூர்க் குருக்களை வளருங்கள், அவர்களை வெறும் எடுபிடிகளாக நடத்தாதீர்கள், மேற்றிராணியார் நிலைக்கே அவர்களைக் கொண்டுவரப் பாருங்கள் என்பது அதன் சாரம்.

ஆக, கருமத்தம்பட்டியில் அபிஷேகமானபோது அந்த இளைஞர் கையில் ரோமின் ஆதரவு இருந்தது, தெளிவான நோக்கம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: கூட இருந்த வெள்ளைக்காரக் குருக்களின் மனசு. தமிழ்ப் பையன்களுக்கு லத்தீன் வருமா, பிரம்மச்சரியம் தாங்குமா, சாதியை மறப்பார்களா, ஒரு தமிழ்க் குருவுக்குக் கீழே ஐரோப்பியக் குரு வேலை செய்வதா என்று ஆயிரம் தயக்கங்கள். பலர் எதிர்த்துப் பேசவில்லை. தலையாட்டிவிட்டுக் காரியத்தைத் தள்ளிப்போட்டார்கள். இந்த வகை எதிர்ப்பைத்தான் சமாளிக்க முடியாது.

இதற்கு இருபது வருஷம் முன்பு மைசூர்ச் சீமையில் இருந்த ஆபே துபுவா என்ற இன்னொரு பிரெஞ்சுக் குரு, முப்பது வருஷ அனுபவத்துக்குப் பின் இந்துக்களை மதம் மாற்றுவது நடக்காத காரியம் என்று 1823-இல் அச்சுப்போட்டுச் சொன்னார்; அதே வருஷம்தான் இந்தியாவை விட்டுக் கப்பல் ஏறியிருந்தார். இந்துக்களின் பழக்க வழக்கங்கள் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள். துபுவா பழியைச் சனங்கள்மேல் போட்டார். பிரெசிலாக் அதைத் தன் சகாக்கள்மேல் போட்டார். என் பார்வையில் இரண்டாமவர்தான் கூர்மையாகப் பார்த்தவர், துபுவா அளவுக்குப் புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை என்றாலும்.

1850-இல் மறைப்பகுதிக்கு முழு அந்தஸ்து கிடைத்தது. குருமடம் ஆரம்பித்தார். 1853-இல் கோயமுத்தூரில் ஜோசப் லூயி ராவெல் என்ற குரு, பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்காக உள்நாட்டுப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பிரசன்டேஷன் சிஸ்டர்கள் என்று கோவை மக்கள் சொல்லும் சபை அதுதான். பெண்கள் விஷயத்தில் உள்ளூர்க்காரர்களை நம்பத் தயங்காத மிஷன், ஆண் குருக்கள் விஷயத்தில் மட்டும் இழுத்தடித்தது. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சந்தேகமும் இருக்கும் போலிருக்கிறது.

இதற்கிடையே கோவா குருக்களுக்கும் ரோம் அனுப்பிய குருக்களுக்கும் நடந்த உரிமைச் சண்டை வேறு. போர்ச்சுகல் ராஜாவுக்கு உட்பட்டவர்களா, ரோமுக்கு நேரடியாக உட்பட்டவர்களா என்று ஊர்க் கோயில்கள் இரண்டாகப் பிரிந்தன. அது தனிக் கதை; இங்கே வேண்டாம்.

பிரெசிலாக்கை உள்ளுக்குள் அரித்தது வேறொன்று. நொபிலி காலத்தில் குடுமி, சந்தனம், பூணூல் போன்றவற்றைக் கிறிஸ்தவர்களும் வைத்துக்கொள்ளலாம் என்று ரோம் ஒப்புக்கொண்டது. அவர் கொங்குக்குக் கிளம்பிய அதே 1623-இல் வந்த தீர்ப்பு அது. பிறகு காற்று திரும்பியது. 1744-இல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பல வழக்கங்களைத் தடுத்து, மிஷனரிகள் ஒவ்வொருவரும் அந்தத் தடையைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். சத்தியம் செய்துவிட்டு வந்தவர்கள் கிராமத்தில் என்ன பார்த்தார்கள்? கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு இடம், சாதிக்கொரு வாசல். கண்டும் காணாமலும் இருந்தால்தான் வண்டி ஓடும். செய்த சத்தியத்துக்கும் நடக்கும் நடப்புக்கும் நடுவே எப்படி மனசாட்சியோடு நிற்பது என்று பிரெசிலாக் ரோமிடம் தெளிவு கேட்டார். திட்டவட்டமான பதில் வரவில்லை.

1854 கடைசியில் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். 1855 மார்ச்சில் ராஜிநாமா ஏற்கப்பட்டது. அப்போது அவருக்கு 41 வயது.

கோயிலும் ஊரும்

அவர் போனார்; கோயில் இருந்தது. ஒரு சிற்றூரில் இப்படி ஒரு கட்டடம் என்னவெல்லாம் வேலை செய்கிறது என்று பக்திக் கண்ணை மூடிவிட்டுப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும்.

முதலில் நேரம். 1888-இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்து, பிறகு வரிசையாக மில்கள் முளைத்து, சங்கு ஊதி ஊரை எழுப்பத் தொடங்கும்வரை கொங்குக் கிராமத்தில் கடிகாரம் என்று ஒன்று பொதுவில் கிடையாது. கத்தோலிக்கக் கோயில் மணி காலை, உச்சி, மாலை என மூன்று வேளை அடிக்கும். ஜெபத்துக்காக அடித்த மணி ஏர் பூட்டுகிறவனுக்கும் கஞ்சிக்கலயம் தூக்குகிறவளுக்கும் சேர்த்தே அடித்தது.

அடுத்தது ஏடு. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் பங்குக் கோயில் பேரேட்டில் எழுதி வைத்தாக வேண்டும். பிரெஞ்சுச் சாமியார்கள் அதை லத்தீனில் எழுதினார்கள். சவரிமுத்துவும் ராயப்பனும் அந்தப் பக்கங்களில் சவேரியுஸ் ஆகவும் பேதுருஸ் ஆகவும் உட்கார்ந்திருப்பார்கள். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன்பு பிறந்த எத்தனையோ பேருக்கு வயதுச் சான்று என்றால் கோயில் ஏட்டில் உள்ள ஒரு வரிதான். கல்யாணத்துக்கு 1872-ஆம் வருஷத்து இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஆக, பீடத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கும் அலமாரி பாதி மத சம்பந்தமானது, பாதி சர்க்கார் சம்பந்தமானது. சாதாரணக் குடியானவர்களின், கூலிக்காரர்களின் பெயர்கள் பரம்பரையாக எழுதப்பட்ட இடங்கள் நம்மிடம் அதிகமில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் நிலம் உள்ளவன் பெயர்தான் இருக்கும். கோயில் ஏட்டில் நிலமில்லாதவன் பெயரும் இருக்கும். செல்லரிக்குமுன் இந்த ஏடுகளைப் படமெடுத்து வைப்பது கோபுரத்துக்கு வண்ணம் பூசுவதைவிட அவசரமான வேலை என்று எந்தப் பங்குப் பேரவையிலும் துணிந்து சொல்லலாம்.

பிறகு திருவிழா. அக்டோபரில் கொடியேறினால் கருமத்தம்பட்டிக்குக் களை கட்டிவிடும். நவநாள், பூசை, கடைசியில் தேர். செபமாலைத் திருநாளுக்கு அக்டோபர் ஏன் வந்தது என்பது கொங்குக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு கதை. 1571 அக்டோபர் 7-ஆம் தேதி கிரேக்கக் கடலோரம் லெபாந்தோ என்ற இடத்தில் துருக்கிக் கப்பற்படையை ஐரோப்பியக் கூட்டணி தோற்கடித்தது. செபமாலை ஜெபித்ததால் கிடைத்த வெற்றி என்று போப் அதைத் திருநாளாக்கினார். கொங்குப் புரட்டாசியில் தறிக்காரர் குடும்பம் மாதா தேருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது அந்தக் கப்பல்களை யார் நினைக்கிறார்கள்? நினைக்க வேண்டியதும் இல்லை. ஊர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும்.

எடுத்துக்கொண்டது எது என்று பார்த்தால் தேர்தான். பக்கத்து அவிநாசியில் அவிநாசிலிங்கேசுவரருக்குச் சித்திரையில் ஓடும் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. அந்த மண்ணில் சாமி என்றால் வீதிக்கு வர வேண்டும், சனங்களைப் பார்க்க வேண்டும். மாதாவும் வருகிறாள். வடம், மாலை, வாணவேடிக்கை, பொரிகடலைக் கடை, வளையல் கடை, ராட்டினம், நேர்ந்துகொண்ட காணிக்கை என்று எல்லாம் இரண்டு திருவிழாவுக்கும் பொது. கூட்டத்தில் கிறிஸ்தவர்கள் மட்டும் இருப்பதில்லை. பிள்ளை வரம் கேட்டு வருகிறவளிடம் யாரும் ஞானஸ்நானச் சான்று கேட்பதில்லை. நொபிலியும் ரோமும் நூறு வருஷம் விவாதித்த விஷயத்தை ஊர் எந்த அனுமதியும் கேட்காமல் முடித்துவைத்துவிட்டது.

இந்தக் கோயிலுக்கு இன்று பேராலயம் என்ற பட்டம். பட்டம் பெரிசு, வார நாள் காலைப் பூசைக்கு வருகிறவர்கள் எந்தச் சிற்றூர்க் கோயிலிலும் பார்க்கக் கூடியவர்கள்தான். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், கன்னியர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் பரீட்சைக்கு வேண்டிக்கொள்ள எட்டிப் பார்க்கும் பிள்ளைகள், தலைக்கு முக்காடிட்ட பாட்டிகள்.

தொண்ணூற்று நான்கு வருஷம்

கொங்கில் இன்னொரு கிறிஸ்தவ ஓட்டமும் உண்டு, புராட்டஸ்டண்ட் ஓட்டம். லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் 1830-இல் கோயமுத்தூர் வந்து பள்ளிக்கூடமும் சபையும் தொடங்கினார். இம்மானுவேல் ஆலயம் அந்த வழியில் வந்தது. ஆங்கிலேயருக்கென்று ரேஸ்கோர்ஸ் பக்கம் ஆல் சோல்ஸ் ஆலயம் எழுந்தது. ஈரோட்டில் ஆஸ்திரேலியரான பிரப் ஐயர் கட்டிய ஆலயம் இன்றும் அவர் பெயரிலேயே நிற்கிறது. ஊர் நடுவில் ஒரு சாலைக்கும் பிரப் ரோடு என்றே பெயர் விழுந்தது. அதே ஈரோட்டில் இருந்த பாப்லி ஐயர் கர்நாடக சங்கீதம் கற்று, இந்திய இசை பற்றி 1921-இல் புத்தகம் எழுதி, பிறகு குறளையும் மொழிபெயர்த்தார். பெரியாரின் ஊரில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரி கீர்த்தனை பாடிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலத்தைத் தனியாக எழுத வேண்டும். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950-இல் கோவைப் பேராயம் அமைந்தபோது முதல் பேராயராக வந்தவர் பாளையங்கோட்டைக்காரரான ஏ. ஜே. அப்பாசாமி. தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் வழியே கிறிஸ்தவத்தை விளக்கியவர்.

கத்தோலிக்கத் தரப்பில் ஒரு தமிழர் கோவைக்குத் தலைவராவது பத்து வருஷம் முன்பே நடந்திருந்தது. பிரெசிலாக்குக்குப் பின் கோவைக்கு வந்த மேற்றிராணியார்கள் அத்தனை பேரும் பிரெஞ்சுக்காரர்கள். 1886-இல் கோவை முழு மறைமாவட்டமாயிற்று, அப்போதும் அப்படியே. 1923-இல் தூத்துக்குடிக்கு ரோச் ஆண்டகை வந்து ஒரு தமிழர் ஆயராக முடியும் என்று ஆகிவிட்டது. கோவை இன்னும் பதினேழு வருஷம் காத்திருந்தது. 1940-இல் உபகாரசாமி ஆண்டகை பொறுப்பேற்றார். கருமத்தம்பட்டி அபிஷேகத்திலிருந்து எண்ணினால் தொண்ணூற்று நான்கு வருஷம். அதே 1940 ஏப்ரலில், பிரெசிலாக்கின் தூக்கத்தைக் கெடுத்த அந்தச் சத்தியப் பிரமாணத்தையும் ரோம் ரத்து செய்தது.

இப்படி எழுதினால் எல்லாம் நல்லபடியாக முடிந்ததுபோல் தோன்றும். முடியவில்லை. உள்ளூர்க் கையில் வந்த திருச்சபையோடு உள்ளூர்ச் சாதியும் கூடவே வந்தது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயிலுக்குள் சாதிகளைப் பிரிக்கச் சுவரே வைத்தார்கள். 1910-இல்தான் அது இடிந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அதற்குப் பின்னும் நின்றன. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிகளில் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சர்க்கார் கண்ணுக்கு மதம் மாறினால் சாதி போய்விடும். பெண் எடுக்கப் போகும் வீட்டில் போவதில்லை. பிரெசிலாக் ரோமிடம் கேட்ட கேள்வியின் பாதிதான் 1940-இல் தீர்ந்தது.

ஆப்பிரிக்கா

ராஜிநாமா செய்த பிரெசிலாக் சும்மா உட்காரவில்லை. ஐரோப்பியர் யாரும் போகத் துணியாத இடத்துக்கு அனுப்புங்கள் என்று ரோமிடம் கேட்டார். 1856 டிசம்பர் 8-ஆம் தேதி லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். அதன் நோக்கத்தில் முக்கியமானது ஆப்பிரிக்கர்களையே குருக்களாக்குவது. கொங்கில் தோற்ற திட்டத்தை அப்படியே பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார்.

1859 மே 14-ஆம் தேதி சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஜூன் 25-ஆம் தேதி அவரும் போய்ச் சேர்ந்தார். இறங்கியதிலிருந்து ஆறு வாரம். வயது 45. குழுவில் ஒரு சகோதரர் மட்டும் உயிரோடு பிரான்ஸ் திரும்பினார். லியோனில் தங்கிப் பின்னால் வருவதாக இருந்த பிளாங்க் என்ற குரு, அத்தோடு கதை முடிந்தது என்று விடாமல் சபையைத் தூக்கி நிறுத்தினார். இன்று அந்தச் சபை ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் இளைஞர்கள் அதில் சேர்ந்து குருவாகி ஆப்பிரிக்கா போகிறார்கள். 2020 மே மாதம் போப் பிரான்சிஸ் பிரெசிலாக்கை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கான பாதையில் அது ஒரு படி.

கோவையில் அவர் இருந்த காலத்தைப் பற்றி அவரே விரிவாக எழுதியிருக்கிறார்: பன்னிரண்டு வருஷ மிஷன் வாழ்க்கையின் நினைவுகள். 1842-லிருந்து 1854 வரையிலான தமிழ்க் கிராமங்களை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரின் எழுத்து, கொங்கு வரலாற்றை எழுதுகிறவர்களின் மேசையில் கம்பெனிக் காலத்தில் இந்தப் பக்கம் சுற்றிய புக்கானனின் பயணக் குறிப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது.

கோயிலை யார் நடத்துவது என்ற கேள்வி இப்போது வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. கோவை, திருப்பூர் வட்டாரத்து மில்களிலும் தறிகளிலும் பனியன் கம்பெனிகளிலும் ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஆதிவாசிக் கத்தோலிக்கர்கள் கணிசம். ஞாயிற்றுக்கிழமை லீவில் கூட்டமாகக் கோயிலுக்கு வருகிறார்கள். தமிழ்ப் பூசை புரியாமல் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். சில ஊர்களில் அவர்களுக்கென்று இந்தியில் தனிப் பூசை நடக்கிறது. அவர்களுக்கும் இங்கே கல்யாணமாகிறது, குழந்தை பிறக்கிறது, பெயர் ஏட்டில் ஏறுகிறது. திருவிழாக் கமிட்டியில் இதுவரை இடமில்லை. அன்பியம் என்னும் அக்கம்பக்கக் குடும்பங்களின் ஜெபக் கூட்டம் தமிழில்தான். சோமனூரில் பத்து வருஷம் தறி ஓட்டி, பிள்ளையைத் தமிழ் மீடியத்தில் சேர்த்துவிட்ட ஒரு ராஞ்சிக்காரனை ஊர்க்காரன் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ள இந்தப் பங்குகளுக்கு எத்தனை வருஷம் ஆகும் என்பதைக் கவனிக்கலாம். தொண்ணூற்று நான்கு ஆகக் கூடாது.